பை விதியை ஊரே வகுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய லரேடோ நகரம் கடைகளில் தரப்படும் மெல்லிய பைகளுக்குத் தடை விதித்தது. வணிகர் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. மாநிலத் திடக்கழிவுச் சட்டம் இருக்கையில் நகரம் தனியே விதி வகுக்க முடியாது என்று 2018 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. அரிசோனா, மிச்சிகன் போன்ற மாநிலங்களோ, பைகளைத் தடை செய்யவும் அவற்றுக்குக் கட்டணம் விதிக்கவும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரமில்லை என்று சட்டமே இயற்றிவிட்டன. ஊருக்கு ஊர் விதி மாறினால் வணிகம் கெடும் என்பதே அவர்கள் கூறும் காரணம்.

இந்த வாதத்தை நாம் ஏற்றிருந்தால் நம் தடையே பிறந்திருக்காது. 120 மைக்ரான் தடிமனுள்ள பையை மத்திய விதி அனுமதிக்கிறது. தமிழ்நாடோ 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் தூக்குப்பை கூடாது என்கிறது. அதற்கும் பல ஆண்டுகள் முன்பே நீலகிரி மாவட்டம் அந்த வழியில் நடந்துகாட்டியது. மத்திய விதியைவிடக் கடுமையாக இருக்க மாநிலத்துக்குள்ள உரிமை, மாநில விதியைவிடக் கடுமையாக இருக்க மாநகராட்சிக்கும் வேண்டும்.

வேலூரில் நிக்கல்சன் கால்வாயைத் தூர்வாரியபோது அருகில் நின்று பார்த்தேன். தூய்மைப் பணியாளர் கொக்கியால் இழுத்த ஒவ்வொரு முறையும் கறுத்துப்போன கேரி பேக்குகள் கொத்தாக வந்தன. ஒன்றில், போட்ட முடிச்சு அவிழாமலே, சட்னி புளித்துக் கிடந்தது. அதே வாரம் சந்தையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கினேன். காம்பு முள் பையைக் கிழித்துவிடும் என்று கடைக்காரர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பைகளில் போட்டுக் கொடுத்தார். தடை வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதுதான் நிலை. இப்படிப்பட்ட நுணுக்கம் தலைமைச் செயலகத்துக்கு எட்டாது. இங்குள்ள மாமன்ற உறுப்பினருக்கு எட்டும். திடக்கழிவு மேலாண்மையை நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணியாக அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணையே குறிப்பிடுகிறது. கால்வாயை வாரும் செலவு ஊருடையது என்றால், பையைத் தடுக்கும் அதிகாரமும் ஊருக்கு இருப்பதே நியாயம்.

எனவே, மாநிலத் தடையைத் தளர்த்த எந்த உள்ளாட்சிக்கும் உரிமையில்லை, கடுமையாக்க எல்லா உள்ளாட்சிகளுக்கும் உரிமை உண்டு என்று அரசு விதிகளில் ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். எழுதப்பட்டால், வேலூர் மாமன்றம் முதலில் சந்தை வாசலிலேயே, பை கொண்டு வராதவர்களுக்கு முன்பணம் பெற்றுத் துணிப்பை தந்து, திருப்பிக் கொடுக்கும்போது பணத்தைத் தரும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர், வேலூர்