கதவுள்ள ஓர் அறை வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிப்பது பற்றி 2014-இல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் தந்த வழிகாட்டுதல் உங்களுக்குத் தெரியாததல்ல. தனி அறை, ஒவ்வொரு கட்டத்துக்கும் சம்மதம், பரிசோதிக்கும் இடத்தில் போலீஸ் கூடாது. எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் காசுவாலிட்டியில்தான் இல்லை.

போன வாரம் நைட் டியூட்டியில் ஒரு பள்ளி மாணவி அம்மாவோடு வந்தாள். ரத்தம் இல்லை, எலும்பு முறிவு இல்லை. ஆகவே அவசரமில்லை என்று கையில் பச்சைப் பட்டை. பச்சை என்றால் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுபவர் என்ன நடந்தது என்று கேட்டார். அவுட்போஸ்ட் போலீஸ்காரர் கேட்டார். மகப்பேறு பிரிவிலிருந்து வந்த பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் மருத்துவர்) கேட்டார், அவருடைய சீனியர் வந்து மறுபடி முதலிலிருந்து கேட்டார். மறைவுக்கு இருந்தது ஒரு திரைச்சீலை, அதுவும் முழுசாக மூடாது. அந்தப் பக்கம் பைக்கிலிருந்து விழுந்தவரின் சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, "அந்த போக்சோ கேஸ் எங்கம்மா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

பி.பி. பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்ததும், பிள்ளை கையை உதறிக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். "ஒழுங்கா கையக் குடு" என்று அதட்டல். நர்ஸைக் குறை சொல்லி என்ன பயன்? அன்றைக்கு அந்த ஹால் முழுக்க அவர் ஒருவர்தான். "இத சுத்தப்போறேன், கொஞ்சம் இறுக்கும், வேணாம்னா சொல்லும்மா" என்று தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும் என்பதை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அதிர்ச்சியில் இருப்பவருக்கு நடந்தது வரிசையாக நினைவுக்கு வராது. ஒருவரிடம் சொன்னதும் அடுத்தவரிடம் சொன்னதும் சற்று மாறும். அந்த மாற்றத்தையும் நாங்கள் எழுதிவைப்போம். பின்னொரு நாள் எதிர்த்தரப்பு வக்கீல் அதை கோர்ட்டில் வாசிப்பார். அதனால்தான் கேட்கிறேன்: கதவுள்ள ஓர் அறை, ஒரே மருத்துவர், ஒரே தடவை கேள்வி.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசர சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது என்கின்றன 2020-இன் போக்சோ விதிகள். இருந்தும் போலீஸ் மெமோ வரட்டும் என்று உட்கார வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உடலுறவுப் பழக்கம் உண்டா என்று விரல்விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை கூடாது என்று 2013-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2022-இல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நாங்களும் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டோம். மனக்காயம் அறிந்து சிகிச்சை தருவது பற்றி ஹோட்டலில் பயிற்சியும் நடந்தது. ஃபைல், பேனா, சான்றிதழ், சமோசா, எதிலும் குறையில்லை. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் ஒரே ராத்திரியில் ஓர் அறை காலியாகி, வெள்ளையடித்து, ஏ.சி.யும் ஓடத் தொடங்கிவிடுகிறது. எனவே இடமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மன்னிக்கவும், கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன். புதுக் கட்டடம் கேட்கவில்லை. உடைந்த ஸ்ட்ரெச்சர்களைப் போட்டுப் பூட்டிவைத்திருக்கும் அறை காசுவாலிட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் காலி செய்து இதற்கென்றே ஒதுக்கவும், முதலில் பார்க்கும் மருத்துவர் எழுதியதையே மற்றவர்கள் எடுத்துக்கொள்ளவும் எல்லா அரசு மருத்துவமனை டீன்களுக்கும் ஓர் உத்தரவு போதும். இந்த மாதத்துக்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவர்