பழைய விமான எஞ்சின்களைச் சிமுலேட்டரில் உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காக்பிட்டில் தேய்ந்த பெயின்ட்டைக்கூட விடாமல் வரைகிறீர்கள். ஆனால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் இடத்துக்கு வந்ததும் உங்களில் பலர் கைவிட்டுவிடுகிறீர்கள். எண் பூட்டைத் திறப்பது போல, சுவிட்சுகளை வரிசை மாறாமல் தட்டினால் போதும். எஞ்சின் எப்போதும் ஒரே மாதிரி இருமி, ஒரே மாதிரி புகைவிட்டு ஓடத் தொடங்குகிறது. உறைபனியில் இரவெல்லாம் நின்ற எஞ்சினுக்கும், சற்றுமுன் அணைத்த சூடான எஞ்சினுக்கும் வித்தியாசமே இல்லை.

டிசி-3 என்ற பழைய இரட்டை எஞ்சின் பயணிகள் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பரவலாக இருப்பது பிராட் அண்ட் விட்னியின் ஆர்-1830, 14 சிலிண்டர் ரேடியல் எஞ்சின். ரேடியலில் சிலிண்டர்கள் நடுத்தண்டைச் சுற்றி வட்டமாக நிற்பதால், கீழ்ப்பக்கச் சிலிண்டர்கள் தலைகீழாக இருக்கும். விமானம் சும்மா நிற்கும்போது ஆயில் மெல்லக் கசிந்து அவற்றில் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாதே! அந்த நிலையில் ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். அதனால்தான் முதலில் புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்க்கிறார்கள். எங்காவது இடித்து நின்றால், கீழே உள்ள ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும். பின்பக்கமாகச் சுற்றிச் சமாளிக்கவும் கூடாது: ஆயில் காற்றுக் குழாய்க்குள் ஒதுங்கி நின்று, எஞ்சின் பிடித்ததும் திரும்ப உள்ளே வரும். உங்களில் சிலர் இதையெல்லாம் செய்திருக்கிறீர்கள். மற்றவர்களிடம்தான் கேட்கிறேன்.

அப்புறம், கைகள் விஷயம். இனர்ஷியா ஸ்டார்ட்டரில் முதலில் ஒரு கனமான சக்கரத்தை வேகமாகச் சுழலவிட வேண்டும். அதன் ஊளை உச்சத்துக்கு வந்ததும் மெஷ் சுவிட்சை அழுத்தி அந்த வேகத்தை எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். இதற்கிடையே பிரைமர் சுவிட்சை விட்டு விட்டுத் தட்டிப் பெட்ரோல் ஊட்ட வேண்டும். அந்தப் பெட்ரோலில் எஞ்சின் பிடித்த பிறகே பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் லீவர், பெட்ரோலை அடைத்துவைக்கும் ஐடில் கட்-ஆஃபிலிருந்து செறிவான கலவை தரும் ஆட்டோ ரிச்சுக்குப் போகும். இவற்றில் பல ஸ்பிரிங் சுவிட்சுகள், விரலை எடுத்தால் திரும்பிவிடும். மவுஸால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஜாய்ஸ்டிக் பட்டனுக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுங்கள். அது முடியாவிட்டால், வலது கிளிக்கில் அழுத்தியபடியே நிற்கட்டும்.

டைகர் மாத் பயிற்சி விமானத்தில் வேறு அழகு. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்சுகள் அதில் காக்பிட்டுக்கு வெளியே இருக்கும், புரொப்பெல்லரைக் கையால் சுழற்ற வருபவரின் கண்ணில் படும்படி. அவரும் விமானியும் மாறி மாறிக் குரல் கொடுக்காமல் அந்த எஞ்சின் ஓடாது. அந்த உரையாடலை ஒரே பட்டனில் முடித்துவிடாதீர்கள். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் மார்க் 1-க்கு மின்சார ஸ்டார்ட்டர், மார்க் 2-க்குத் தோட்டா வெடித்துச் சுழற்றும் காஃப்மன் ஸ்டார்ட்டர். தோட்டா தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

எஞ்சின் சில நேரம் பிடிக்காமல் போக வேண்டும் என்றதும் பகடை உருட்டி வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. காரணமில்லாத தோல்வி எரிச்சல்தான் தரும். பிரைமிங் குறைந்தால் பிடித்து உடனே அணையட்டும். அதிகமானால் கார்புரேட்டரில் தீப்பிடிக்கட்டும். பதறாமல் எஞ்சினைத் தொடர்ந்து சுற்றி அந்தத் தீயை உள்ளே இழுத்துக்கொள்ள எங்களுக்கு வாய்ப்பு இருக்கட்டும். ஸ்டார்ட் ஆன பின் அரை நிமிடத்துக்குள் ஆயில் பிரஷர் ஏறாவிட்டால் அணைக்க வேண்டும், அணைக்காதவனுக்கு விளைவு இருக்க வேண்டும்.

ஒரே பட்டனில் ஓடவைக்கும் வசதியை எடுக்கச் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் பறக்க நினைப்பவருக்கு அது வேண்டும்.

எல்லாம் ஒரே அப்டேட்டில் வர வேண்டியதில்லை. முதலில் எஞ்சினின் நிலையைச் சேமித்து வையுங்கள். கடும் குளிரில், இரவு அணைக்கும் முன்பே ஆயிலில் பெட்ரோல் கலந்து இளக்கி வைப்பார்கள், மறுநாள் எஞ்சின் எளிதாகச் சுழல வேண்டும் என்று. நேற்று நான் அணைத்த விதம் இன்றைய ஸ்டார்ட்டில் தெரிந்தால் போதும், தோட்டா எண்ணிக்கை அடுத்த அப்டேட்டில் வரட்டும்.

அன்புடன்,
உங்கள் விமானங்களை ஓட்டும் ஒருவன்