கன அடிக் கணக்கு கடைமடைக்குப் புரியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூரில் பெண்ணையாற்றங்கரையில் இருப்பவர்கள் நாளிதழைப் பிரித்ததும் தேடுவது சாத்தனூர் அணையின் நீர்மட்டத்தைத்தான். மொத்த உயரம் 119 அடி. அது 115, 116 என்று ஏற ஏற எங்களுக்குத் தூக்கம் குறையும்.

சென்னகேசவ மலைக் குன்றுகளுக்கு இடையே 1958இல் கட்டி முடித்த இந்த அணைக்கு வேலைகள் பல. சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம், திருவண்ணாமலைக்குக் குடிநீர், கொஞ்சம் மின்சாரம், மீன் வளர்ப்பு, அப்புறம் முதலைப் பண்ணை பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இத்தனைக்கும் அணை நிரம்பியிருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்குவதற்கோ அது காலியாக இருக்க வேண்டும். ஒரே அணையிடம் இரண்டையும் கேட்கிறோம்.

2024 டிசம்பர் 2 விடியற்காலை நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூருக்கு வந்துசேர, வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். "முன்கூட்டியே திறந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது" என்று இன்றும் டீக்கடையில் பேச்சு வரும். ஓரளவு நியாயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தில் மணிக்கு 60 கோடி கன அடி தண்ணீர் போகிறது. அணையின் மொத்தக் கொள்ளளவே 732 கோடி கன அடிதான். அடிவரை காலியாக வைத்திருந்தாலும் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பியிருக்கும். கார்த்திகையில் சில அடி குறைத்து வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். அதற்காக மேலே இருக்கும் விவசாயி ஒரு போகத்தை இழக்கச் சம்மதிப்பாரா?

ஆகவே நான் கேட்பது வேறு. எச்சரிக்கையை எங்களுக்குப் புரிகிற மாதிரி கொடுங்கள்.

ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, "இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்பட்டுள்ளது, தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்று சொல்லிப் போகிறார்கள். நாணமேட்டில் இரண்டு மாடு வைத்திருக்கும் அம்மாளுக்குக் கன அடியை வைத்து என்ன செய்வது? தண்ணீர் தொழுவம் வரை வருமா, அடுப்படிக்குள் வருமா, இன்று இரவா நாளைக் காலையா, இதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். எங்கள் தெரு மின்கம்பத்தில் அந்த ஆண்டு வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கறை இடுப்பு உயரத்துக்கு மேல் இருந்தது. அதை அளந்து ஒரு கோடு போட யாரும் வரவில்லை. அடுத்த மழையில் கழுவிக்கொண்டு போய்விட்டது.

திருக்கோவிலூர், எல்லீஸ் சத்திரம், சொர்ணாவூர் என்று ஆறு நெடுக அணைக்கட்டுகள் இருக்கின்றன. எங்கே எவ்வளவு போனால் கண்டரக்கோட்டையிலும் உச்சிமேட்டிலும் தாழங்குடாவிலும் எவ்வளவு ஏறும் என்று 2024 அனுபவத்தை வைத்தே சொல்லிவிட முடியும். ஊருக்கு நான்கு மின்கம்பம், ஒரு பள்ளிச் சுவர் போதும். 50 ஆயிரத்துக்கு ஒரு கோடு, ஒரு லட்சத்துக்கு ஒரு கோடு, ஒன்றரை லட்சத்துக்கு ஒரு கோடு. பெயின்ட் செலவுதான்.

புதுச்சேரி அரசும் இதில் சேர வேண்டும். சொர்ணாவூரிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடிதம் போகிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. வெள்ளம் வரும்போதும் அதே சுறுசுறுப்பு வேண்டாமா? சோரியாங்குப்பத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஆறு மட்டும்தான் இருக்கிறது. தண்ணீர் எல்லை பார்த்து ஏறுவதில்லை.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அணை நீர்மட்டப் பெட்டியில் சாத்தனூருக்குப் பக்கத்திலேயே கிருஷ்ணகிரி அணையின் நீர்திறப்பையும், சொர்ணாவூரில் ஓடும் அளவையும் மழைக்காலம் முடியும் வரை தினமும் போடுங்கள். மேலே என்ன வருகிறது, கீழே என்ன போகிறது என்று இரண்டும் தெரிந்தால், மாட்டை எப்போது அவிழ்ப்பது என்பதை நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆல்பேட்டை, கடலூர்.