பள்ளிப் பார்வைக்கு வரும் கல்வி அலுவலர்களுக்கு

வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பார்த்துக்கொள்கிற டீச்சர் எழுதுகிறேன்.

போன மாதம் உங்களில் ஒருவர் வந்தார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை எழுப்பித் தமிழ்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். அவன் வாய் திறக்கவில்லை. "மூணாவது படிக்கிறான், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியலை, என்னதான் சொல்லிக்கொடுக்கிறீங்க?" என்று அவன் எதிரிலேயே என்னைக் கேட்டார். அவர் கிளம்பிப் போன பிறகும் பையன் நின்றுகொண்டே இருந்தான், நான் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் உட்கார்ந்தான்.

அவன் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை. அம்மா பனியனுக்குப் பிசிறு வெட்டி டஜன் டஜனாகக் கட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பன்னிரண்டாம் வாய்ப்பாடு அவனுக்கு வந்துவிட்டது. ஏழு கட்டு என்றால் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து சிலேட்டில் 84 என்று எழுதுவான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அதுவரை நானும் அவனை மந்தம் என்றுதான் நினைத்திருந்தேன், அது என் தப்பு. அப்புறம் கட்டு, நூல், ஊசி, சட்டை என்று அவன் வீட்டில் கிடக்கிற சாமான்களிலிருந்தே தமிழ் எழுத்தைத் தொடங்கினோம். தெரிந்ததைப் பிடித்துக்கொண்டுதான் எந்தப் பிள்ளையும் தெரியாததுக்குப் போகும், இதை நான் முழுசாக நம்புகிறேன்.

2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது எனக்குப் பிடித்ததே, பிள்ளை கற்றலில் எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிற அந்த முறைதான். ஒரே வகுப்பில் பிள்ளைகள் வேறு வேறு இடத்தில் இருப்பார்கள் என்று துறையே ஒப்புக்கொண்டதே! இவன் தமிழில் அரும்பு, கணக்கில் மலர். பார்வைக்கு வரும்போது மட்டும் எல்லாரும் ஒரே பக்கத்தை வாசிக்க வேண்டும் என்றால் எப்படி? 2009 கல்வி உரிமைச் சட்டம் முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. எனக்கு ஒடியா தெரியாது, அவனிடமே ஏக, துயி, தினி கற்றுக்கொண்டேன், இப்போது வகுப்பே வரிசையில் நிற்கும்போது அப்படித்தான் எண்ணுகிறது.

இன்னொரு பிள்ளை கதை சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், எழுதச் சொன்னால் எழுத்து இடம்வலம் மாறும். கற்றல் குறைபாடா என்று நான் முடிவுசெய்ய முடியாது, சிறப்பாசிரியர் பார்க்க வேண்டும், அவரோ எங்கள் பள்ளிக்கு வருவது எப்போதாவதுதான். அவரை அடிக்கடி அனுப்புங்கள்.

என்னிடம் குறை இருந்தால் மணி அடித்த பிறகு வெளியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். பிள்ளை எதிரில் வேண்டாம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே அந்தப் பையன் இப்போது பின்வரிசைக்குப் போய்விடுகிறான். அடுத்த முறை வரும்போது அவனிடம் முதலில் கணக்குக் கேளுங்கள்.