எண்பத்தெட்டு நாளும் ஒரு துண்டும்

ஆஸ்திரேலியக் குடிவரவு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நீலகிரி மாவட்டம் கூடலூரைச் சேர்ந்தவள். ஆண்டுக்கு ஆயிரம் இந்தியர்கள் என்று 2024-இல் நீங்கள் திறந்துவிட்ட, இளையோர் ஓராண்டு தங்கி ஊர் சுற்றவும் வேலை செய்யவும் உதவும் 462 விசாவுக்கு 25 டாலர் கட்டிப் பெயர் கொடுத்து, குலுக்கலில் தேறி வந்தேன். இப்போது குயின்ஸ்லாந்தில், பண்டபெர்க் பக்கம் ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறேன். இந்த மடலை ஆங்கிலத்திலும் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது, அடுத்த குலுக்கலுக்குக் காத்திருக்கும் என் ஊர்ப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்பதற்காக.

வேலை கடினம் என்று முறையிட வரவில்லை. தேயிலைக் காட்டில் வளர்ந்தவளுக்கு வெயிலும் மழையும் புதிதல்ல. (தேயிலையாவது இடுப்பளவு நிற்கும். ஸ்ட்ராபெர்ரிக்கு மண்ணோடு மண்ணாக வளைய வேண்டும். முதல் வாரம் செருப்பு மாட்டக்கூட என்னால் குனிய முடியவில்லை.) என் மனக்குறை அந்த 88 நாள் கணக்கைப் பற்றியது.

இரண்டாம் ஆண்டு விசா வேண்டுமானால், நீங்கள் குறித்த பகுதிகளில், நீங்கள் குறித்த வேலைகளில் மூன்று மாதம், அதாவது 88 நாள், உழைத்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டுக்கு ஆறு மாதம். உழைத்ததற்கு முதல் சாட்சி சம்பளச் சீட்டு. அதைக் கொடுக்க வேண்டியவர் வேலை கொடுப்பவர். அவர் கையை விரித்துவிட்டால் அந்த நாள்களை மெய்ப்பிக்க நான் படாதபாடு பட வேண்டும். கூலியும், நாட்டில் தங்கும் வாய்ப்பும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

நான் தங்கிய விடுதியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. வேலை பிடித்துத் தருவதும் விடுதிக்காரர்தான் என்பதால் வேறு இடம் பார்க்க வழியில்லை. அறையைக் காலி செய்தால் மறுநாள் விடியற்காலை தோட்டத்துக்குப் போகும் வேனில் இடம் கிடையாது. மழை பெய்தால் பறிப்பு இல்லை, கூலி இல்லை, நாள் கணக்கும் ஏறாது. வாடகை மட்டும் மழையில் நனைவதில்லை.

ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தில் மூன்றாம் வாரம், எங்களை அங்கே வேலைக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரர் பதினொரு நாள் கூலியை ஓர் உறையில் ரொக்கமாகக் கொடுத்தார். எத்தனை ட்ரே பறித்தாலும் மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது 2022 ஏப்ரல் 28 முதல் உங்கள் நாட்டில் நடைமுறை. உறையில் இருந்தது அதைவிடக் குறைவு. சீட்டு கேட்டேன். அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். குயின்ஸ்லாந்தில் ஆள் அனுப்பும் தொழிலுக்கு 2018 முதல் உரிமம் வேண்டும் என்பதும், புகார் சொல்ல ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருப்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. முன்பு வேலை செய்த தோட்டத்தையும் சேர்த்து, சீட்டோடு 34 நாள் சேர்ந்திருந்தது. பருவம் முடிவதற்குள் மீதி 54 நாளை எங்கே போய்த் தேடுவேன்?

அதே அறையில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அதே உறைதான். அன்று மாலையே ஒப்பந்தக்காரரிடம் விடுதி முழுக்கக் கேட்கும்படி சண்டை போட்டுவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு பிரிஸ்பேனுக்குப் பஸ் ஏறிவிட்டாள். என்னைவிடத் தைரியசாலி என்பதால் அல்ல. 2024 ஜூலை 1 முதல், பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒரு நாள்கூடத் தோட்டத்தில் நிற்காமல் இதே வகையில் தங்களுக்கு உள்ள 417 விசாவை மூன்று முறை வாங்கலாம். இரு நாட்டு வணிக ஒப்பந்தம் அவளுக்கு அந்தக் குரலைக் கொடுத்திருந்தது.

என் அம்மாயி இலங்கையில் தலவாக்கலையில் பிறந்தவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். தன் தாத்தாவிடம் கேட்டு எங்களுக்குச் சொன்ன சொல் ஒன்று உண்டு: துண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்தவர் கங்காணி. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். இன்ன ஆளுக்கு இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டுகிறவர் அழைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கும். துண்டு இல்லாதவரை வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நானும் அந்த மக்களும் ஒன்று என்று சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. நான் விரும்பி வந்தவள், நாளைக்கே விமானம் ஏறினால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் சீட்டுக்காக அந்த மனிதர் முன் கைகட்டி நின்றபோது எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

நிபந்தனையை நீக்கினால் பழம் செடியிலேயே அழுகும் என்று தோட்டக்காரர்கள் உங்களிடம் சொல்வார்கள். பயிர் யாருக்காகவும் காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் முதலில் இருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோட்டத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சீட்டு வந்தது, தேநீர் இடைவேளைக்கு முதலாளியம்மா கேக் கொண்டுவருவார். கிழங்கு எடுத்து முடியும்வரை அங்கிருந்து ஒருவரும் நகரவில்லை. ஆள் தங்காத தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது விசாவின் வேலையா?

உங்கள் அரசு அமைத்த குடிவரவு மறுஆய்வுக் குழு 2023-இல், இந்த விசாவை ஓராண்டோடு நிறுத்திவிடலாம் என்று யோசனை சொன்னது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம். பிரிட்டன்காரர்களுக்குத் தந்ததை எல்லோருக்கும் தாருங்கள். அதற்கு நாளாகும் என்றால், ரொக்கமாகக் கூலி வாங்கியவர்களின் நாள்களுக்கு விடுதி வாடகை ரசீதையும் உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தையும் சாட்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினொரு நாளையும் தேதி, பாத்தி வரிசை, ட்ரே எண்ணிக்கையோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் படியெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கூடலூரிலிருந்து வந்து பழம் பறிப்பவள்,
பண்டபெர்க்