எலி வளை எது, நண்டு வளை எது என்று தெரிந்தவருக்கு வகுப்பில் இடம் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் அறிவியலுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் துறைகளில் ஒன்றில் முதுகலை முடித்தவள் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் என் வழிகாட்டிக்குத்தான் தலைவலி, அவர் நல்ல மனிதர்.

என் ஆய்வேடு செங்கல்பட்டுப் பக்கம் நெல்வயல் வரப்புகளில் எலி வளைகளைக் கணக்கெடுப்பது. கயிறு பிடித்துச் சதுரம் போட்டு, நோட்டில் கோடு கிழித்து எண்ணிக்கொண்டே போனேன். துணைக்கு வந்த, பாம்பும் எலியும் பிடிக்கும் இருளர் பழங்குடித் தாத்தா ஒரு நாள் முழுக்கப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள்தான் சொன்னார்: "டீச்சர், நீங்க எண்ணினதுல பாதி நண்டு வளை." வாசலில் ஈரமண் உருண்டை உருண்டையாகக் கிடந்தால் நண்டு. குறுக்கே சிலந்தி வலை இருந்தால் கொஞ்ச நாளாக யாரும் போகவர இல்லை. விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்த ஒரு வளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "இதுல எலி இல்ல, எலியச் சாப்புட்டவரு இருக்காரு" என்றார். நான் நாலடி பின்னால் போய்விட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளவும் இல்லை. சாயங்காலம் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்து, காலையில் எவை திறந்திருக்கின்றன என்று பார்ப்பது புத்தகத்தில் உள்ள முறை, அதைச் செய்தோம். எலி என்று அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை திறந்திருந்தன, சில திறக்கவில்லை. திறக்காதவற்றின் முன்னால்தான் அவர் ரொம்ப நேரம் நின்றார். சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்து வயலில் மருந்து வைத்திருக்கிறார்கள், அது தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றார். ஊகம், சோதனை, தவறு, தவறுக்குக் காரணம். இதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லையென்றால் எனக்கு நீங்கள் இரண்டு வருடம் என்னதான் சொல்லிக்கொடுத்தீர்கள்?

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த அடையாளத்துக்கெல்லாம் ரெஃபரன்ஸ் எங்கே?" ஆள் உயிரோடுதான் இருக்கிறார் சார், கூட்டி வரட்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். நன்றியுரையில் "உள்ளூர் உதவியாளர்" என்று ஒரு வரி போட்டேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இந்த மடல்.

இருளர்களை உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. 2017இல் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி ஃபுளோரிடா திண்டாடியபோது, ஃபுளோரிடா பல்கலைக்கழகம் இங்கிருந்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் வரவழைத்தது. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். அதற்கு முன்னால் அவர்கள் அந்தக் காட்டையும் பார்த்ததில்லை, அந்தப் பாம்பைத் தேடிப் பிடித்ததுமில்லை. தடமும் எச்சமும் உரித்த சட்டையும் அவர்களுக்குப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் விமானம் ஏற்றிக் கூட்டிப்போன ஆட்களை நாம் பஸ் ஏற்றிக்கூட வகுப்புக்கு அழைத்து வரவில்லை.

இதில் ஆய்வகத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலிருந்தும் விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஆனால் இங்கே எடுத்த விஷத்தை வைத்துச் செய்த மருந்து, வேறு மாநிலத்துப் பாம்புக் கடிக்குச் சில சமயம் சரியாக வேலை செய்வதில்லை, ஒரே இனப் பாம்பின் விஷமே இடத்துக்கு இடம் மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டின. இது எந்தத் தாத்தாவின் கண்ணுக்கும் தெரியக்கூடிய விஷயமில்லை. அதே மாதிரி, அந்தப் பாம்பு எந்த வளையில் இருக்கிறது என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது.

சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன மலையில் சோளகர் பழங்குடியினர் கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்கு லேசாகத் தீ வைப்பார்கள், தரகு பெங்கி என்று பெயர். 1974இல் சரணாலயம் ஆனது, தீ வைப்பதும் நின்றது. அதற்கப்புறம்தான் வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி காட்டை அடைத்தது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆய்வாளர்கள் இறங்கிப் பார்த்தால் 1997க்கும் 2008க்கும் இடையில் உண்ணிச்செடி பரவிய இடம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. நம் பாடப்புத்தகத்தில் காட்டுத்தீ ஒரே ஒரு தலைப்பின் கீழ் வரும்: பேரிடர்.

பழங்குடி அறிவையும் ஆய்வக அறிவியலையும் சேர்த்துப் படிப்பது புதுசும் இல்லை. கனடாவில் மிக்மாக் பழங்குடிப் பெரியவர் ஆல்பர்ட் மார்ஷல் 2004இல் இதை "இரு கண் பார்வை" என்றார், ஒரு கண்ணில் தங்கள் அறிவின் பலம், இன்னொன்றில் மேற்கத்திய அறிவியலின் பலம். அவரும் மனைவி முர்டீனாவும் கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதைப் பட்டப்படிப்பாகவே நடத்த உழைத்தார்கள்.

நம் ஊரிலும் கதவு மூடியில்லை. மொத்த கிரெடிட்டில் குறைந்தது 5 சதவீதம் இந்திய அறிவு மரபுக்கு என்று 2023இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) வழிகாட்டுதல் வந்தது. என் பயம், அந்த இடத்தில் "பண்டைய நூல்களில் சுற்றுச்சூழல்" என்று ஒரு பிபிடி வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை நடத்தவும் பிஎச்.டி. முடித்த ஒருவர்தான் வருவார், பாம்பு பிடிப்பவர் வழக்கம்போல வாசலில் நிற்பார். ஒரு நாள் கூப்பிட்டு, சால்வை போட்டு, மாணவர்களுக்குப் பாம்பைக் காட்டச் சொல்லி அனுப்புவதும் வேண்டாம். எனக்குத் தெரிந்து அவர்களுக்கு அது அலுத்துப்போய்விட்டது.

ஒரு செமஸ்டர் கொடுங்கள். வகுப்பு வரப்பில் நடக்கட்டும். மதிப்பெண்ணில் பாதியை அவரே போடட்டும், நண்டு வளையை எலி வளை என்று எழுதுகிறவருக்குச் சுழியம் போடட்டும். மாணவர்கள் எழுதும் கட்டுரையில் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வரட்டும், நன்றியுரையில் வேண்டாம்.

சம்பளப் பிரிவில் "கல்வித்தகுதி" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்பார்கள், தெரியும். 2022இல் யுஜிசி கொண்டுவந்த "புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்" பதவிக்குத் துறையில் 15 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள், பட்டம் கட்டாயமில்லை என்று அதிலேயே இருக்கிறது. எங்கள் தாத்தாவுக்கு அனுபவம் 50 ஆண்டுக்கு மேல். விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி