பிரவுசர் எதைத் திறக்கலாம்?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. லாஸ்பேட்டையில் இப்போது கேட்கிற வாடகையைப் படித்ததும்தான் எனக்குக் கண் இருட்டியது. இங்கே அனைவரும் சௌக்கியம். சின்னவள் பெரியார் கலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். இ-சேவை மையம் வழக்கம்போல ஓடுகிறது. சர்வர் வேலை செய்யாத நாளில் மட்டும் திட்டு எனக்கு.

சரி, பிரவுசரில் கிளிக் செய்தால் டிஸ்க்கில் இருக்கும் அசல் வேர்டு ஃபைலே ஏன் திறக்கக் கூடாது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். ஃபெஞ்சல் புயலில் நெட் போனதிலிருந்து எல்லாவற்றையும் சொந்த டிஸ்க்கிலேயே வைத்திருக்கிறாயே, அது நல்லது. பத்திர ஸ்கேன்களுக்கு பிரவுசரில் திறக்கிற ஒரே எச்டிஎம்எல் பக்கத்தில் (வலைப்பக்க ஃபைலில்) அட்டவணை போட்டதும் நல்ல யோசனை. பிடிஎஃப், போட்டோ எல்லாம் கிளிக் செய்ததும் பிரவுசரிலேயே வந்துவிடும். வேர்டு ஃபைலில்தான் வம்பு. அது திறப்பதில்லை, டவுன்லோட்ஸில் ஒரு நகல் போய் விழுகிறது. உன் ஆபீஸ் பையன் அந்த நகலில் திருத்தம் போட, அசல் அப்படியே கிடக்கிறது. ‘கிரயம் (1)’, ‘கிரயம் (2)’ என்று வரிசையாக நின்றால் எது கடைசி வரைவு என்று யாருக்குத் தெரியும்? “கம்ப்யூட்டர் என்னுடையது, ஃபைல் என்னுடையது, நடுவில் பிரவுசர் யார்?” என்று எழுதியிருக்கிறாய். நியாயமான கோபம்தான். ஆனாலும் நான் பிரவுசர் கட்சி.

நீ கேட்கிற வசதி விண்டோஸ் 98-இல் அப்படியே இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பெட்டியில் டிரைவ் பெயரை அடித்தால் ஃபோல்டர்கள் வரும். மை கம்ப்யூட்டர் ஜன்னலில் இணைய முகவரியை அடித்தால் அதே ஜன்னலில் வெப்சைட் வரும். பிரவுசரும் விண்டோஸும் பிரிக்க முடியாதவை என்று மைக்ரோசாஃப்ட் அமெரிக்க நீதிமன்றத்தில் வாதாடிய காலம் அது. லினக்ஸில் கான்கரர் என்ற பிரவுசரும் இதே மாதிரி இரட்டை வேலை பார்த்தது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், டிஸ்க்கில் இருக்கும் பக்கத்தை வெளியிலிருந்து வரும் பக்கத்தைவிட அதிகமாக நம்பினார்கள். வெளியே இருந்து வரும் பக்கம் ஏதாவது ஓட்டை வழியாக ‘நானும் இந்த டிஸ்க்கில் இருப்பவன்தான்’ என்று ஏமாற்றிவிட்டால் போதும், வலைப்பக்கத்துக்குள் புரோகிராம் ஓட்ட மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த ஆக்டிவ்எக்ஸ் மூலம் புரோகிராமையே ஓட்டிவிடலாம். 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் வந்த பிறகுதான் டிஸ்க்கில் உள்ள பக்கங்களுக்கும் கடிவாளம் விழுந்தது. மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து அனுமதி கேட்குமே, அது அப்போது வந்ததுதான். 2006-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 ஃபோல்டர் ஜன்னலையும் வெப் ஜன்னலையும் தனித்தனியாக்கிவிட்டது. பிரிக்க முடியாது என்றவர்களே பிரித்தார்கள்!

அப்புறம் 2019-இல் ஃபயர்பாக்ஸ் பிரவுசர் இன்னும் ஒரு படி போனது. டிஸ்க்கில் ஒரே ஃபோல்டரில் இருந்தாலும் ஒரு எச்டிஎம்எல் பக்கம் அடுத்த ஃபைலைப் படிக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். உன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை நினைத்துப் பார். ஊர்ப்பட்ட பேருடைய ஆதார் நகலும் பான் நகலும் அதில் கிடக்கும். மெயிலில் வந்த ஏதோ ஒரு எச்டிஎம்எல் ஃபைலும் அங்கேயே இறங்கி, அவற்றையெல்லாம் படித்து வெளியே அனுப்பினால்?

இது வெறும் கற்பனை இல்லை. போன வாரம் மையத்துக்கு வந்த பெரியவர் ஒருவர், வங்கியிலிருந்து வந்த மெயில் என்று, அதோடு வந்த அட்டாச்மென்ட் ஃபைலைத் திறந்தார். லோகோ, நிறம், பாஸ்வேர்டு பெட்டி எல்லாம் அச்சு அசல். முகவரிப் பெட்டியில் மட்டும் வங்கியின் பெயருக்குப் பதில் ‘ஃபைல்’ என்று தொடங்கி டவுன்லோட்ஸ் ஃபோல்டரின் பாதை நின்றது. அவர் பார்த்தது அவர் டிஸ்க்கிலேயே இருந்த ஒரு ஃபைலை. பாஸ்வேர்டு மட்டும் எவனுக்கோ போயிருக்கும். நல்லவேளை, முதல் எழுத்தைத் தட்டுவதற்குள் பார்த்துவிட்டேன். பிரவுசர் டிஸ்க்கில் இருப்பதைக் காட்டுவதிலேயே இவ்வளவு இருக்கிறது. புரோகிராமையும் ஓட்டலாம் என்றால் என்ன ஆகும்?

ஓட்ட முடியவில்லை என்பதால்தான் இப்போது திருடர்கள் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். ‘நீங்கள் மனிதர்தானா?’ என்று கேட்டு ஒரு பக்கம் வரும். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்து, கன்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு என்று சொல்லும். பக்கம் ஏற்கெனவே காப்பி செய்து வைத்த கட்டளையை நாமே ஒட்டி நாமே ஓட்டிவிடுகிறோம். உன் ஆபீஸில் எல்லாரிடமும் இதைச் சொல்லிவை.

அதற்காக பிரவுசருக்கும் புரோகிராமுக்கும் பேச்சுவார்த்தையே கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் மையத்தில் ஆதார் கைரேகைக் கருவி அப்படித்தான் வேலை செய்கிறது. ஆர்டி சர்வீஸ் என்ற புரோகிராமை நாங்களே நிறுவி வைத்திருக்கிறோம். அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், வலைப்பக்கம் கேட்டால் பதில் தரும். ஜிஎஸ்டியில் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையெழுத்துக்கு எம்சைனர் என்ற புரோகிராமைப் போடுவதும் இதே வழிதான். குரோமில் 2020 முதல் நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற ஃபைலை மட்டும் பக்கமே திருத்திச் சேமிக்கவும் முடிகிறது. எதைத் தொடலாம் என்று நான் கையால் காட்டிய பிறகு தொடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் பிரச்சினைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். அட்டவணையை எக்ஸெலில் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஹைப்பர்லிங்க் கொடு. கிளிக் செய்தால் அசல் வேர்டு ஃபைலே திறக்கும், நகல் எடுக்காது. எச்டிஎம்எல் பக்கத்தை ஸ்கேன்களுக்கு மட்டும் வைத்துக்கொள். டவுன்லோட்ஸில் கிடக்கும் கிரயங்களைத் திருத்திய தேதிப்படி வரிசைப்படுத்தி, அசலோடு ஒப்பிட்ட பிறகு அழி, பையனிடம் விட்டுவிடாதே.

அடுத்த மாதம் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் பாண்டி வருகிறேன். எக்ஸெலில் எங்காவது தடுமாறினால் அப்படியே வை, வந்து பார்க்கிறேன். அம்மாவைச் சொட்டு மருந்து நேரம் தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
ரவி